நெருக்கடியில் தலைவருக்கு ஒரு துணை

கிளிநொச்சி

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். சிறுபோக அறுவடையும் முடிந்துவிட்டது. உங்கள் சங்கத்தில் பணம் இறுகியதால் தலைவருக்கான தலைமைத்துவப் பயிற்றுவிப்பை, அதாவது ஒருவர் அவரோடு தொடர்ந்து இருந்து பேசி, கேள்வி கேட்டு, வழி தேட உதவுவதை, நிறுத்திவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை நிறுத்த விடாதே.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, தீர்மானம் எடுத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். கமக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களோ எங்கள் கமக்கார அமைப்புகளின் தலைவர்கள். மறு ஆண்டு டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போக, எங்கள் தலைவர் கூட்டம் கூட்டுவதையே தள்ளிப்போடத் தொடங்கினார். தன் பயத்தை உறுப்பினர்களிடமும் அதிகாரிகளிடமும் காட்ட முடியாமல், வீட்டிலும் சொல்லாமல் அவர் தனித்துப்போனார்.

அப்போது ஓய்வுபெற்ற கூட்டுறவு உத்தியோகத்தர் ஒருவர் மாதம் இருமுறை அவரோடு வந்திருந்து பேசினார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கொப்பியின் நடுவே ஒரு கோடு கீறச் செய்து, நம் கையில் இல்லாதவற்றை ஒரு பக்கமும் இருப்பவற்றை மறுபக்கமும் எழுதச் சொன்னார். உரமும் எண்ணெய் விலையும் ஒரு பக்கம் போக, கிடைத்த டீசலில் யாருடைய வயலை முதலில் உழுவது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வந்த பங்குக்கு எவ்வளவு விதைப்பது என்பன மறுபக்கத்தில் நின்றன. "இவற்றில் எதை வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அந்தக் கிழமையே கூட்டம் நடந்தது.

இலக்கு, இன்றைய நிலை, உள்ள வழிகள், செய்யப்போவது என்று 1980களில் இங்கிலாந்தில் ஜோன் விட்மோர் முதலானோர் வகுத்த கேள்வி முறையும் ஏறக்குறைய இதுவே. 2009இல் போர் முடிந்த பின் வன்னியில் இரண்டு நாள் பயிலரங்குகளுக்குக் குறைவிருக்கவில்லை; ஆனால், அடுத்த மாதம் வந்து "சொன்னதைச் செய்தீர்களா, எது தடுத்தது?" என்று கேட்க அநேகமாக ஒருவரும் இருக்கவில்லை. நெருக்கடியில் தலைவருக்கு உதவுவது அந்தத் தொடர்ச்சிதான் என்று நான் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். போரின் இழப்பைச் சுமப்பவருக்குத் தேவைப்படுவது உளவளத்துணை. அதை உணர்ந்து உரியவரிடம் அனுப்பத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநர். தலைவர் மனம் திறந்து சொன்னதைப் பயிற்றுநர் குழுவிடம் கொண்டுபோகவும் கூடாது.

செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் சந்திப்பை மாதம் ஒருமுறையாக்குங்கள். குழு கூடுவதற்கு முன் தலைவரின் விருப்பத்தை நீயே கேட்டறிந்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்