பனியன் துணியில் டாப்: மன்னார்குடியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதத்துக்குப் பதில் போட இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. பெரியவளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நேரம், அவளைவிட எனக்குத்தான் தூக்கம் போச்சு. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பாமணி ஆற்றில் வெறும் மணல், ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று இவர் தினமும் பேப்பரில் அணை மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபியே குடிக்கிறார். கத்திரி வேறு தொடங்கியாச்சு. நாகப்பட்டினத்தில் உனக்குச் சாயந்திரம் கடல்காற்றாவது வரும், இங்கே அதுவும் கிடையாது.

சரி, பனியன் துணியில் டாப் வீட்டிலேயே தைக்க முடியுமா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். இழுபடுகிற துணி வேண்டாம் என்று உங்கள் தையல்காரர் திருப்பி அனுப்பியதில் தப்பில்லை, நேர்த்தையல் மட்டும் போடுகிற கறுப்பு மிஷினை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? திருபுவனத்துத் தறியில் பாவும் ஊடும் பார்த்திருக்கிறாய் அல்லவா, அந்தத் துணி ஓடாது, இழுபடாது. பனியன் துணி அப்படியில்லை, நூல் வளைந்து வளைந்து கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும், இழுத்தால் கண்ணி விரியும். அதன்மேல் நேர்த்தையல் போட்டால், தலைவழியே மாட்டும்போது துணி விரியும், நூல் விரியாது, பட்டென்று அறுந்துவிடும். மொத்தப் பிரச்சினையும் இவ்வளவுதான். இதற்காக ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதே, வளைந்து வளைந்து விழுகிற ஜிக்ஜாக் தையல் இருந்தால் போதும், அது துணியோடு சேர்ந்து விரியும்.

எல்லாவற்றையும்விட ஊசிதான் முக்கியம். சாதாரண ஊசியின் முனை கூர், கண்ணியையே குத்தி அறுக்கும், துவைத்த பிறகு தையல் ஓரமாகப் பொடிப்பொடி ஓட்டை தெரியும். பால் பாயின்ட் ஊசி என்று கேட்டு வாங்கு, 11-ம் நம்பர். அதன் முனை லேசாக உருண்டிருக்கும், நூலை ஒதுக்கிவிட்டு இறங்கும். லைக்ரா என்கிற ரப்பர் மாதிரி இழுபடும் நூல் அதிகமுள்ள துணியில் அதிலும் தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஸ்ட்ரெட்ச் ஊசி என்று தனியாக இருக்கிறது. நூல் பாலியஸ்டர்தான், காட்டன் நூல் தாங்காது.

துணிக்கு நீ கடை கடையாக அலைய வேண்டாம். செம்மொழி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன் திருப்பூர், காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் குவிந்து கிடக்கும். நான் அடுத்து போகும்போது உனக்கும் சேர்த்து எடுத்து வருகிறேன். கிலோ கணக்கு என்றதும் பயப்படாதே: 160 ஜிஎஸ்எம் துணி, அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால், ஒரு கிலோவுக்கு நாலு மீட்டருக்கு மேல் வரும். நம் புழுக்கத்துக்கு அதைவிடக் கனம் வேண்டாம். காட்டன் 95, லைக்ரா 5 இருந்தால் நல்லது. பாலியஸ்டர் கலந்தது பளபளப்பாக இருக்கும், விலையும் குறையும், ஆனால் வேர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். லைக்ரா இருக்கிற துணிக்கு பிளீச்சிங் தண்ணீர் ஆகாது, இழுவை செத்துவிடும், வேலைக்கார அம்மாவிடம் சொல்லிவை.

வெட்டுவதற்கு முன் துவைத்துவிடு, காட்டன் பனியன் கட்டாயம் சுருங்கும். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும், நிழலில் விரித்துக் காய வை. அளவுக்கு உனக்குப் பொருந்துகிற பழைய டீ சர்ட்டை நியூஸ்பேப்பரில் வைத்து வரைந்துகொள், பக்கத்துக்கு இரண்டு விரல் கூட விடு, உடம்பைப் பிடிக்கிற டாப் மே மாதத்துக்கு உதவாது. எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அது உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

தோள் தையலில் மட்டும் இழுவை கூடாது, இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கழுத்து தோளிலிருந்து வழியும். நான் இவருடைய கிழிந்த வேட்டியின் கரையோரத்தில் மெல்லிய பட்டையாகக் கிழித்து, அதையும் சேர்த்து வைத்து அடித்துவிடுகிறேன். கடையில் விற்கும் டேப்பைவிட மிருதுவாக இருக்கிறது, இவருக்குத் தெரியாது.

கழுத்துப் பட்டிக்கு ஒரு கணக்கு: கழுத்து வளைவு 60 சென்டிமீட்டர் என்றால் பட்டி 51 வெட்டு, சுமார் 85 சதவீதம். பட்டியை மட்டும் இழுத்துக் கொடு, கழுத்தை இழுக்காதே. மற்ற இடங்களில் கை சும்மா துணியை வழிநடத்தினால் போதும், பின்னாலிருந்து இழுத்தால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளியும். நெளிந்தாலும் பரவாயில்லை, ஸ்டீம் அயர்னை மேலே பிடித்து, தேய்க்காமல் அமுக்கி எடு, பெரும்பாலும் படிந்துவிடும்.

இதைப் போட்டுக்கொண்டு பலாசோவோடு கடைத்தெருவுக்கே போகலாம், நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ஓடுகிற வேலை மிச்சம். என் மாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார், இப்போது தனக்கு ஒரு அரைக்கை வேண்டுமாம், முன்பக்கம் பட்டன் வைத்து.

உன் வீட்டு மிஷினில் ஜிக்ஜாக் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுது. இருந்தால் ஊசியும் சேர்த்து வாங்கி வருகிறேன். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு லீவுக்கு இங்கே கிளம்பி வா, என் மிஷினில் சேர்ந்தே தைக்கலாம்.

அன்புடன்,
கலா