சிவப்பு மூடிப் போத்தல்களும் என் படிப்பும்

சுங்கை சிப்புட்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தேர்வு முடியட்டும் என்று இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மா நலம். மழை வந்தால் முழங்கால் வலி கொஞ்சம் கூடுகிறது. நம் தோட்டத்தில் மீதியிருந்த கித்தா (ரப்பர்) மரங்களையும் வெட்டிவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை போட்டுவிட்டார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இருந்த இடம் எது என்று அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

சரி, உன் மகள் மார்க்கெட்டிங் படிக்கலாமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டிங் என்பது பேச்சுச் சாமர்த்தியம்தானே, அதற்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலை அனுபவத்தைக் காட்டிச் சேரும் ஏப்பெல் முறையில் நாற்பத்து மூன்று வயதில் பல்கலைக்கழக வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

நான் படிப்பில் சேர்வதற்கு முந்தைய தீபாவளி உனக்கு நினைவிருக்கும். நானூறு போத்தல் முறுக்குக்கு ஆர்டர் வந்தது. கை போதாதே என்ற பயத்தில் மூன்று பெண்களைக் கூடுதலாக வைத்து, இன்னோர் அடுப்பும் வாங்கினேன். ஒரு வாரத்துக்கு முன்பே முறுக்கு தயார், பெரிய தகரங்களில் நிரப்பிவிட்டோம். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள்தான் வரவில்லை. திங்கட்கிழமை என்றார்கள், வெள்ளிக்கிழமை வந்து இறங்கின. அதற்குள் தகரத்தைத் திறந்து திறந்து மூடியதில் பாதி முறுக்கு நமத்துப் போயிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட போத்தலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

இரண்டாம் பருவத்தில் திட்ட மேலாண்மை வகுப்பில் 'கிரிட்டிக்கல் பாத்' பாடம் வந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம், ஆலை கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட உருவாக்கிய முறை அது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலையைத் தொடங்கலாம் என்று கோர்த்துப் பார்த்து, அதில் மிக நீளமான சங்கிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தவறினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகும். வீட்டுக்கு வந்து நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எங்கள் தீபாவளி வேலையைப் போட்டுப் பார்த்தேன். போத்தலின் அளவு முடிவானால்தான் லேபிள் அச்சடிக்க முடியும், போத்தல் வந்தால்தான் அடைக்க முடியும். நீளமான சங்கிலி ஈப்போவிலிருந்து வரும் போத்தல் வழியாகப் போகிறது. முறுக்குப் பிழிவது அதில் இல்லவே இல்லை. பத்துப் பெண்களை வைத்திருந்தாலும் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகியிருக்காது! நான் பணத்தைக் கொட்டியது அடுப்பில்.

அம்மா தேநீர்க் குவளையோடு வந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். விளக்கினேன். "இதுதானே கித்தாத் தோட்டத்துப் பால்வெட்டு?" என்றார். "விடியுறதுக்குள்ள வெட்டணும், இல்லாட்டி பால் சரியா இறங்காது. பால் வடியுற மங்குல இருந்து எடுக்க லேட்டானா கட்டிப்போயிடும். மரத்துல ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பால் மட்டும் நாளைக்கு உரிச்சிக்கலாம்." அந்த ஒட்டுப்பாலுக்குப் பாடத்தில் 'ஃப்ளோட்' என்று பெயர், தள்ளிப்போட்டாலும் கேடில்லாத வேலை. பாடத்தில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு விமானக் கம்பெனியும் குளிர்பானமும்தான். நம் பிள்ளைகளுக்கு இப்படிப் பால்மரத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் மார்க்கெட்டிங் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்கும் இடுபணி. முதல் கேள்வி, யார் வாங்குகிறார்கள்? தீபாவளிக்கு நம் ஆட்கள்தான் என்று உடனே எழுதினேன். விரிவுரையாளர் ஆதாரம் கேட்டார். பழைய ஆர்டர் நோட்டுகளை எடுத்து நான்கு இரவு உட்கார்ந்தேன். இந்த ஊரில் நம் வீடுகளில் தீபாவளிக்கு அவரவரே சுட்டுக்கொள்கிறார்கள். என்னிடம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கோலாலம்பூரில் வேலை பார்க்கும், சுட நேரமில்லாத பிள்ளைகள். அதோடு நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் வாங்கியதும் கணிசம். அவர்களுக்காக நான் ஒன்றுமே செய்ததில்லை. ஹலால் சான்றிதழுக்கு இப்போதுதான் தயார் செய்கிறேன்.

பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்காகப் பிரித்துப் பார்க்கும் முறையை மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960ல் சொன்னார் என்று வகுப்பில் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே 1960ல்தான் அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் சனங்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம். நூறு வெள்ளிப் பங்கை ஒரே தடவையில் கட்ட எந்தத் தொழிலாளியால் முடியும்? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார். அவர்கள் வரட்டும் என்று காத்திராமல் தோட்டம் தோட்டமாகத் தானே போய்ப் பேசினார். விலையையும் இடத்தையும் அதைவிடத் தெளிவாக யார் யோசித்திருக்க முடியும்? என் தாத்தாவும் பங்கு கட்டியவர். இடுபணியில் இதைத்தான் எழுதினேன், நல்ல மதிப்பெண் வந்தது.

அதனால் உன் மகள் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் சேர்வதற்கு முன் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவளை இங்கே அனுப்பு. ஆர்டர் நோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். யாரிடம் என்ன கேட்பது, எதை எப்போது வாங்குவது என்று அவளே நாள் குறிக்கட்டும். இந்த வருடத்துப் போத்தல்கள் இப்போதே வந்துவிட்டன, முன்கூடத்தில் கூரை வரை அடுக்கியிருக்கிறேன். அவள் படுக்கப் பின்னறையில் இடம் இருக்கிறது. என்றைக்கு பஸ் ஏறுகிறாள் என்று மட்டும் எழுது, நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி