ஐந்தாவது இண்டியானா ஜோன்ஸை இன்னொரு தடவை பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசும்போது, "அந்தக் கடைசி இண்டியானா ஜோன்ஸை எடுக்காமலே விட்டிருக்கலாம்பா" என்று சொன்னாயே, அது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பழம்பொருள் தேடி உலகம் சுற்றுகிற அந்தத் தொல்பொருள் ஆராய்ச்சியாளனின் ஐந்து படத்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். நாலாவதில் அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

1981-இல் வந்த முதல் படம் இன்னும் அப்படியே புதுசாக இருக்கிறது. அந்த லாரித் துரத்தலில் ஒரு சண்டைக் கலைஞர் நிஜமாகவே ஓடும் லாரிக்கு அடியில் இழுபட்டுப் போகிறார், பார்க்கிற நமக்கே முதுகு எரிகிறது. கெய்ரோ கடைத்தெருவில் வாளைச் சுழற்றிக்கொண்டு வருகிறவனை இண்டியானா ஒரே குண்டில் சாய்ப்பானே, அங்கே முதலில் நீளமான சண்டைதான் வைத்திருந்தார்களாம். துனிசியாவில் படப்பிடிப்பு நடந்தபோது இண்டியானாவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிற்றுக்கடுப்பு, நிற்கக்கூட முடியவில்லை, அதனால் அப்படிச் சுருக்கிவிட்டார்கள். அப்புறம் கப்பல் காட்சி. உடம்பெல்லாம் அடிபட்டுக் கிடக்கிறான், வலிக்காத இடம் எங்கே என்று அவன் காதலி மேரியன் கேட்கக் கேட்க, ஒவ்வொரு இடமாகக் காட்டுவான். இதை மறந்துவிடாதே, பிறகு வருகிறேன்.

இந்தியாவில் நடக்கிற இரண்டாவது படத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "நம்ம சாமியை ஏன்பா கெட்டவங்க கும்பிடுறாங்க?" என்று சின்ன வயதில் நீ கேட்டாய். காளியை அம்மா என்று கும்பிடுகிற ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? விருந்தில் குரங்கு மூளை பரிமாறுகிற அரண்மனையை எந்த இந்தியாவில் பார்த்தார்களோ! கதையைப் படித்துவிட்டு இந்திய அரசு சம்மதிக்கவில்லை, அதனால்தான் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். ஆனால் அந்தத் தொங்குபாலத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். விக்டோரியா அணைக்குப் பக்கத்தில் உண்மையான பாலமே கட்டி, உண்மையாகவே அறுத்து விழவைத்தார்கள். நம் 'தளபதி'யில் கலிவர்தனாக வந்த அம்ரிஷ் பூரி இதில் வில்லனாக மொட்டைத் தலையோடு வந்து நின்றாலே போதும், காட்சி அவருடையதாகிவிடுகிறது.

1989-இல் வந்த மூன்றாவதுதான் உனக்கும் எனக்கும் பிடித்தது, அதைப் பற்றி நாம் பேசாததா? இண்டியானாவின் அப்பாவாக வரும் ஷான் கானரி ஃபோர்டைவிட 12 வயதுதான் மூத்தவர், ஆனாலும் அவர் மகனை ஒரு பார்வை பார்த்தால் அப்பாவேதான்.

அதற்கப்புறம் 19 வருஷம் கழித்து, 2008-இல் நாலாவது. அணுகுண்டு வெடிக்கும்போது குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பிக்கிறான். இதற்காக உன்னோடு நான் வாதாடப் போவதில்லை.

ஐந்தாவதுக்காக வாதாடுவேன். இன்னொரு 15 வருஷம் கழித்து, 2023-இல் வந்தபோது ஃபோர்டுக்கு 80 வயது, முதல் நாலையும் இயக்கிய ஸ்பீல்பெர்க் இதை இயக்கவில்லை, ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கினார். ஆரம்பத்தில் கணினியால் ஃபோர்டின் முகத்தை இளமையாக்கி வைத்திருப்பது எனக்கும் ஒட்டவில்லை, துரத்தல்களும் நீளம்தான். ஆனால் கதை 1969-க்கு வந்ததும் அவன் யார் என்று பார். வியட்நாம் போரில் மகன் செத்துவிட்டான், மேரியன் விவாகரத்துக் கேட்டிருக்கிறாள், வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்புகிறார்கள், ஊரெல்லாம் நிலாவுக்குப் போய்வந்தவர்களைக் கொண்டாடுகிறது, பழங்காலத்தைத் தோண்டுகிறவனை யாருக்கும் வேண்டியதில்லை. கடைசியில் ஆர்க்கிமிடீஸ் காலத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டு, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான் பாரு, அதை 40 வயது ஆள் சொன்னால் வெறும் வசனம். 80 வயதுக்காரர் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தனை வருஷம் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சியே இல்லை.

அப்புறம் மேரியன் திரும்பி வருகிறாள், வலிக்காத இடம் எங்கே என்கிற அதே பேச்சு, இந்தத் தடவை இரண்டு கிழவர்களுக்கு நடுவில். முதல் படத்திலேயே அவன் அடிபடுகிறவன்தான், வலிக்கிறவன்தான். அதனால்தான் அவனுக்கு வயசாவது பொருந்துகிறது, வேறு சாகச நாயகர்களுக்குப் பொருந்துவதில்லை.

அதனால் சனிக்கிழமை முதலாவதைப் பார், ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதைப் பார், நடுவில் வேறு எதையும் பார்க்காதே. பார்த்து முடித்ததும் மெசேஜ் போடாதே, போன் பண்ணு, நேரம் எத்தனை ஆனாலும் சரி. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று விவரமாகச் சொல், கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா