பக்கத்தை எண்ணிவிட்டு விலை சொல்லுங்கள்

பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அடுத்தபடியாக இந்த மாதம் உங்களுக்குத்தான் வியாபாரம் சூடுபிடிக்கும். எண்பதுகளில் அரைக்கால் சட்டையோடு தீபாவளி மலருக்கும் கோடை மலருக்கும் கடை வாசலில் தவம் கிடந்தவர்கள், இப்போது ஐம்பதைத் தாண்டி, கையில் நாலு காசோடு அதே மலரைத் தேடி உங்களிடம் வருகிறோம். வருகிறவனின் பலவீனம் உங்களுக்கு அத்துப்படி. அதில் எனக்குப் புகார் இல்லை. பத்து ரூபாய்ப் புத்தகத்துக்கு ஐயாயிரம் கேளுங்கள். கொடுக்கிறவன் இருக்கும்வரை கேட்கலாம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விலை சொல்வதற்கு முன்னால் பக்கத்தை எண்ணுங்கள்.

போன மாதம் உங்களில் ஒருவரிடம் ஒரு தீபாவளி மலர் வாங்கினேன். பெயரைச் சொல்லி அவர் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. விலை 4,500 ரூபாய். "முழுப் புத்தகம் சார், அட்டையோடு, நல்ல கண்டிஷன்" என்றார். நான்கு புகைப்படங்கள் அனுப்பினார்: முன்னட்டை, பின்னட்டை, முதல் பக்கம், கடைசிப் பக்கம். நடுவில் இருப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தோன்றாதது என் மடத்தனம்.

வாங்கியது எனக்காக மட்டும் அல்ல. அந்த மலரை நானும் அண்ணனும் சேர்த்துவைத்த காசில் அந்தக் காலத்தில் வாங்கியிருந்தோம். அண்ணன் முதலில் படித்தார். எனக்கு முறை வருவதற்குள் அது பக்கத்து வீட்டுக்கு இரவல் போனது, போனது போனதுதான். அன்றிலிருந்து அந்தக் கதையை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முடிவை ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு விதமாகச் சொல்வார். ஒரு வருடம் வில்லன் கடலில் விழுந்து சாவான், மறு வருடம் நீர்மூழ்கியில் ஏறித் தப்பிப்பான். இந்த வழக்கைத் தீர்த்துவிடலாம் என்றுதான் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது என்று எனக்கே அறிவுரை சொல்லிவிட்டு, படிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்துக் குரல் வந்தது.

"டேய், அடுத்த பக்கம் எங்கேடா?"

112ஆம் பக்கத்துக்கு அடுத்து 129ஆம் பக்கம். நடுவில் ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சடித்து மடித்த பதினாறு பக்கம், முழுவதுமாக இல்லை. வில்லன் படகில் கால் வைப்பதோடு 112 நிற்கிறது. 129இல் வேறு கதை, வேறு நாயகன், குதிரை.

பழைய புத்தகம், எங்கோ எப்போதோ உதிர்ந்திருக்கும் என்று முதலில் நானும் சமாதானம் செய்துகொண்டேன். பிறகு முதுகுப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பின் அடித்த இடத்தில் பழுப்பேறிய தாளில் இரண்டு துருக்கறைகள், காபிப் பொட்டு மாதிரி. ஆனால் பின் அங்கே இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, வெள்ளியாக மின்னும் இரண்டு புதுப் பின்கள். எண்பதுகளின் பின் இப்படி மின்னுமா? யாரோ புத்தகத்தைப் பிரித்து, ஒரு பாரத்தை உருவிவிட்டு, மறுபடி பின் அடித்திருக்கிறார்கள். அந்தப் பாரம் இன்னொரு குறைப் பிரதியை முழுப் பிரதியாக்கி, அது இன்னும் நல்ல விலைக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் எலி பின் அடிப்பதில்லை.

தொலைபேசியில் கேட்டபோது அந்த நண்பர் சொன்ன பதிலைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. "இதையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்? அட்டை நன்றாக இருக்கிறதல்லவா?" இட்லி தருவதாகச் சொல்லி இலையை மட்டும் போட்டுவிட்டு, இலை பச்சையாக இருக்கிறதல்லவா என்று கேட்பதுபோல் இருந்தது.

பழைய புத்தகம் என்றால் குறை இருக்கும், ஐயா. அது தெரியாமலா வருகிறோம்? ஆறு வித்தியாசங்களை யாரோ பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டிருந்தால் சொல்லுங்கள், வாங்குகிறேன். வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை இருந்தால் இன்னும் சந்தோஷமாக வாங்குகிறேன். அட்டை ஜெராக்ஸ் என்றால் ஜெராக்ஸ் என்று சொல்லுங்கள். பைண்டிங் போட்டபோது ஓரம் வெட்டி வசன பலூன் பாதி போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். செல்லோடேப் மட்டும் தயவுசெய்து ஒட்டாதீர்கள். அதன் பசை தாளில் இறங்கி, பத்து வருடத்தில் டேப் உதிர்ந்து மஞ்சள் கறை மட்டும் நிற்கும்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 1947 டிசம்பரில், டிஸ்னி காமிக்ஸ் ஓவியர் கார்ல் பார்க்ஸின் ஒரு கிறிஸ்துமஸ் கதையில்தான் கஞ்சப் பணக்கார வாத்து அங்கிள் ஸ்க்ரூஜ் முதன்முதலில் தலைகாட்டினார். அந்த மாதிரிப் பிரதிகளுக்கு அங்கே 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள். பக்கத்தை எண்ணிப் பார்க்காமல் மதிப்பெண் கிடையாது. விளம்பரத்தில் இருந்த ஒரு கூப்பனைக் குழந்தை கத்தரித்திருந்தால் அதையும் எழுதிவைக்கிறார்கள். நமக்கு மதிப்பெண் எல்லாம் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

மறுபதிப்பு வந்தால் படித்துக்கொள்ளலாமே என்பீர்கள். மறுபதிப்பில் கதை வரும், மலர் வராது. வாசகர் கடிதம், அடுத்த வெளியீட்டுக்கான விளம்பரம், பக்கம் நிரப்பப் போட்ட துணுக்கு எல்லாம் சேர்ந்ததுதான் தீபாவளி மலர்.

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதும் தெரியும். 1972இல் இங்கிலாந்துக் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி தமிழ் பேச ஆரம்பித்ததிலிருந்து காமிக்ஸை நம் வீடுகள் எப்படி நடத்தின? பட்டாசும் பல காமிக்ஸும் ஒரே சிவகாசியிலிருந்துதான் வந்தன. பட்டாசுக்குக் காசு கொடுத்த அப்பாக்கள் காமிக்ஸைப் பார்த்தால் பரீட்சை ஞாபகம் வந்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். சென்னையில் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது எத்தனை பழைய புத்தகம் போனது என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவர் நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்துவைத்தார். அதனால் சென்னையில் ஒரு நூலகம் நிற்கிறது. மற்றவர்கள் பஜ்ஜி மடித்துத் தின்றோம். எஞ்சியவற்றைப் பரணிலிருந்து இறக்கிக் காப்பாற்றியவர்கள் நீங்கள்தான், மறுக்கவில்லை. காப்பாற்றிய கையாலேயே பிரித்து விற்கிறீர்களே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கோ ஆரம்பித்து எங்கோ வந்துவிட்டேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீபாவளிக்கு மலர் விற்கும் ஒவ்வொருவரும் விற்பனைக்குப் போடும் முன் பக்கங்களை எண்ணி, இல்லாத பக்கத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, பின் அடித்த இடத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிட வேலை.

இன்னொரு சொந்த வேண்டுகோள். 113 முதல் 128 வரையிலான அந்தப் பாரம் உங்களில் யாரிடமாவது தனியாகக் கிடந்தால் சொல்லுங்கள். ஜெராக்ஸ் என்றாலும் சரி, ஜெராக்ஸ் என்று சொல்லிக் கொடுத்தால் காசு தருகிறேன். அண்ணன் இதற்குள் மூன்றாவதாக ஒரு முடிவு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
112ஆம் பக்கத்தில் நிற்கும் ஒரு வாசகன்