ஆண்டறிக்கை 2024: விடியற்காலை வாசிகசாலையும் ஜி.ஆர்.ஈ. படிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பள்ளி தடையின்றி நடந்தது. விளையாட்டுப் போட்டியும் சரஸ்வதி பூசையும் சிறப்பாக நிறைவேறின. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கும் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கும் மண்டபத்தைக் கொடுத்தோம். நவம்பர் கடைசி வார வெள்ளத்தில் தாழ்ந்த பக்கத்துக் குடும்பங்கள் இங்கேதான் தங்கின. அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்த மாதர் சங்கத்தினருக்கு இந்தச் சபையின் நன்றி. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி, இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய விடியற்காலை வாசிகசாலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைத் தொடர்வதா என்று சபை இன்று முடிவெடுக்க இருக்கிறது.

மார்ச் மாதம் ஒன்பது பேர் என்னிடம் வந்தார்கள். வங்கியில் வேலை செய்பவர், ஆஸ்பத்திரித் தாதி, கணித ஆசிரியை, மென்பொருள் வேலை செய்யும் தம்பிமார், ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். எல்லாரும் பட்டதாரிகள், எல்லாருக்கும் முழுநேர வேலை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஜி.ஆர்.ஈ. என்ற, ஆங்கிலத்தில் நடக்கும் நுழைவுப் பரீட்சை எடுக்க வேண்டும், சேர்ந்து படிக்க ஓர் இடம் தாருங்கள் என்றார்கள். சரி, மாலை ஏழரை முதல் ஒன்பதரை வரை வாசிகசாலையைப் பாவியுங்கள் என்றோம்.

அது சரிவரவில்லை. மாதக் கடைசியில் வங்கிக்காரர் எட்டு மணிக்குத்தான் வேலையிலிருந்து இறங்குவார். தாதிக்கு இரவுக் கடமை வரும். வந்தவர்களும் களைத்துப்போய் இருந்தார்கள். "அண்ணை, வாசிக்கிறன், ஆனால் மண்டைக்குள்ள ஒண்டும் ஏறுதில்லை" என்று ஒரு தம்பி சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. பகல் முழுக்க மூளையை வேலைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத்தான் படிப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

விடியற்காலையில் படிப்போம் என்று சொன்னவர் ஆசிரியை. ஏப்ரலில் இருந்து காலை 4.45க்குக் கதவைத் திறந்தோம். ஐந்து மணி முதல் 6.20 வரை படிப்பு, பிறகு வீடு, குளிப்பு, வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் வைத்து முழுப் பரீட்சை. ஒரு கிழமைக்கு எல்லாமாகப் பத்து மணித்தியாலம் அளவில் வரும். அது போதுமாக இருந்தது.

தனித்தனியே வீட்டில் படிக்கலாமே, நிலையத்தின் கரண்ட் பில் ஏன் கூடவேண்டும் என்று நிர்வாக சபையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் 1990களின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரம் படித்தவன். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க நாலு பேர் ஒரு விளக்கைச் சுற்றி இருப்போம். ஒருவன் தூங்கினால் மற்றவன் தட்டி எழுப்புவான். எண்ணெய்க்காகக் கூடினோம், ஆனால் எங்களைப் படிக்க வைத்தது அந்தக் கூட்டம்தான். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு இருக்கிறது. விடிய நாலரைக்கு அலாரத்தை நிற்பாட்டிவிட்டுத் திரும்பிப் படுக்காமல் இருப்பதற்கு, மற்றவர் வந்திருப்பார் என்ற நினைப்பு வேண்டியிருக்கிறது.

இனிப் பரீட்சை பற்றி. அடுத்த அணி வீணாக அலையக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

காசு கட்ட முன்னர், விண்ணப்பிக்கும் துறை இந்தப் பரீட்சையைக் கேட்கிறதா என்று பாருங்கள். 2020க்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் கேட்பதை நிறுத்திவிட்டன. 2024இல் கட்டணம் 220 டொலர், நமது காசில் 65,000 ரூபா அளவில் வந்தது. எங்களில் இருவர் விசாரித்துப் பார்த்துவிட்டு, பரீட்சை தேவையில்லை என்று தெரிந்து அந்தக் காசைச் சேமித்தார்கள். பெறுபேறு ஐந்து வருடம் செல்லும், ஆகவே இப்போது எழுதிவிட்டு, பணம் சேர்த்துப் பிறகு விண்ணப்பிக்கவும் முடியும்.

2023 செப்டெம்பரில் இருந்து பரீட்சை 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பழைய புத்தகங்களில் இருக்கும் நாலு மணித்தியாலக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம். பிறகு மொழிப் பகுதி இரண்டும் கணிதப் பகுதி இரண்டும். கணிதத்தின் முதற்பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். முதற்பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. ஒரே பகுதிக்குள் கேள்வியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரலாம். ஒரு கேள்வியில் மூன்று நிமிடம் குந்தியிருந்த பழக்கத்தை விடுவதற்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு மாதம் எடுத்தது.

கணிதம் பெரும்பாலும் சாதாரண தரத்துக் கணிதம்தான். தொகையீடு, வகையீடு ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களே தடுமாறினார்கள், ஏனென்றால் நாங்கள் தமிழில் படித்தவர்கள். இடை, இடையம், ஆகாரம் என்றால் உடனே விளங்கும்; மீன், மீடியன், மோட் என்று திரையில் வந்தால் ஒரு கணம் நிற்கிறோம். நிறைவெண், முதன்மை எண், மீதி, நியமவிலகல் எல்லாம் அப்படித்தான். ஆசிரியை இருமொழிச் சொற்பட்டியல் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டினார். 'பொசிட்டிவ்' என்றால் பூச்சியம் சேராது, 'நொன் நெகட்டிவ்' என்றால் சேரும் என்பதற்குச் சிவப்பு மையில் கோடு. அந்தத் தாள் இப்போதும் பத்திரிகை மேசைக்கு மேலே இருக்கிறது. தயவுசெய்து ஒருவரும் கழற்ற வேண்டாம்.

மொழிப் பகுதிதான் கஷ்டம். கடினச் சொற்களைப் பாடமாக்கினால் போதும் என்று நினைத்தோம். கேள்விகளில் ஏறக்குறையப் பாதி பந்தி வாசித்து விளங்குவது. மூன்று வெற்றிடம் உள்ள கேள்வியில் மூன்றும் சரியாக இருந்தால்தான் புள்ளி. ஆகவே ஜூனில் இருந்து முதல் இருபது நிமிடம் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரு வரியில் தமிழில் சொல்ல வைத்தோம். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் விளங்கவில்லை என்று அர்த்தம். இது நல்ல பலன் தந்தது.

ஒவ்வொருவரும் பிழைக் கொப்பி வைத்திருந்தார்கள். விளங்காமல் பிழைத்ததா, நேரம் போதாமல் பிழைத்ததா, கேள்வியைச் சரியாக வாசிக்காமல் பிழைத்ததா என்று பிரித்து எழுதுவது. மூன்றாவது வகையே நிறைந்திருந்ததைப் பார்த்துத் தாதித் தங்கச்சி, "எனக்குக் கணக்குத் தெரியும் அண்ணை, அவசரம்தான்" என்றார். அவர் கணினியில் தட்டெழுதிப் பழகாதவர். கட்டுரையைத் தட்டித்தான் எழுத வேண்டும், எழுத்துப்பிழை காட்டும் வசதியும் இல்லை. நிலையத்தின் ஒரே கணினியில் தினமும் பதினைந்து நிமிடம் அவருக்கென்று ஒதுக்கினோம்.

ஓகஸ்டில் தொடங்கிய நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வரவு குறைந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்த நாட்களை விடுமுறையாகவே போடலாம்.

ஒரு பாடம் மிகவும் வலித்தது. வீட்டிலிருந்தும் எழுதலாம் என்றாலும், மின்வெட்டுக்குப் பயந்து எங்கள் ஆட்கள் கொழும்பு நிலையத்தையே தெரிவு செய்தார்கள். ஒருவருக்கு வேலையிடத்தில் ஒரு நாள் லீவுதான் கிடைத்தது. இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் போய், விடியக் கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே பரீட்சைக்குப் போனார். ஆறு மாதம் விடிய எழும்பிப் படித்தவர், ஞாயிறு பரீட்சைகளில் எடுத்த புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. 21 நாள் கழித்தால் மறுபடி எழுதலாம், ஆனால் மறுபடி முழுக் கட்டணம். ஆகவே முதல் நாளே பகலில் போய்த் தங்க வேண்டும். இருவருக்கு வெள்ளவத்தையில் தன் வீட்டில் இடம் தந்த எமது பழைய அங்கத்தவருக்கு நன்றி.

இன்னொன்று, பதியும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்களில் ஒருவர் தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போட்டுப் பதிந்திருந்தார். நல்லகாலம், முன்கூட்டியே கண்டு திருத்திவிட்டோம்.

ஒன்பது பேரில் ஐவர் பரீட்சை எழுதினார்கள். மூவர் டிசெம்பரில் விண்ணப்பம் அனுப்பிவிட்டார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

சபையிடம் இரண்டு கோரிக்கைகள். ஒழுங்கையின் முனையில் தெருவிளக்கு எரிவதில்லை. எங்கள் பெண் பிள்ளைகள் இருட்டில் சைக்கிளில் வருகிறார்கள், தகப்பன்மார் பின்னால் வருகிறார்கள். இரண்டு தடவை கடிதம் கொடுத்தும் நடக்கவில்லை. நிலையத்தின் செலவிலாவது வாசலில் ஒரு பெரிய விளக்குப் போட அனுமதி வேண்டும். மற்றது, இரண்டாவது கணினி ஒன்று.

புதிதாகச் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம். திங்கட்கிழமை 4.45க்குக் கதவு திறக்கும். இந்த மாதம் சாவி என்னிடம் இருக்கிறது.

நன்றி.

செயலாளர்