எட்டு மணி என்றால் எட்டு மணி: கூடைப்பந்து ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு கோலாலம்பூரில் நம் அணி ஒரே ஒரு புள்ளியில் வென்றது. வாழ்த்துகள். அந்த வெற்றியை நாங்கள் பார்க்கவில்லை. ஒன்பது டிக்கெட் வாங்கியிருந்தோம், தலைக்கு இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்). ஒன்பது பேரும் வந்திருந்தோம். தொண்டை கட்டும்வரை கத்தவும் செய்தோம். ஆனால் அந்தக் கடைசிப் பந்து வளையத்துக்குள் விழுந்த நேரத்தில், அரங்கத்துக்குப் பின்னால் உள்ள சாலையில் சிவப்பு விளக்கு மாறுவதற்காக வேனுக்குள் காத்திருந்தோம்.

எட்டு மணி ஆட்டம் எட்டு இருபதுக்குத் தொடங்கிய காரணத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் காலியாகக் கிடந்த சோபா நீங்கள் போட்டது. அதில் உட்கார வேண்டிய பிரமுகரும் நீங்கள் அழைத்தவர். வந்தவருக்கு மாலை, நினைவுச் சின்னம், பிறகு குழுப்படம். விளையாட்டாளர்கள் உடலைச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடியும் சூடேற்றினார்கள். இடைவேளை பதினைந்து நிமிடம் என்பது விதி. அது அதிர்ஷ்டக் குலுக்கலால் இருபத்தைந்து நிமிடம் ஆனது. சோறு வடிக்கும் மின்சாரப் பானையை வென்றவரின் எண்ணை மூன்று முறை அழைத்தார்கள், அவர் வரவில்லை. அவரும் எங்களைப்போல் தொலைவிலிருந்து வந்து, நேரமாகிவிட்டது என்று கிளம்பியிருப்பார்.

நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்கள். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில். நாட்டுக்கே எண்ணெய் வார்த்த ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு மேல் தலைநகரிலிருந்து அந்த ஊருக்குத் திரும்ப வழி வேண்டும் என்றால், வேன்கார அண்ணனின் கையில் காலில் விழ வேண்டும்.

அவருடைய வேன் பகலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறது. இரவு பதினொன்றரைக்கு, ஊருக்கு அப்பால் உள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் பெண்களை ஏற்ற வேண்டும். ஆகவே அரங்கத்திலிருந்து பத்து மணிக்கு எப்படியும் வேன் புறப்பட்டாக வேண்டும். இதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார், நாங்களும் ஒப்புக்கொண்டோம். எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பத்துக்குள் முடிந்துவிடும் என்பது எங்கள் கணக்கு, அது தப்புக் கணக்கும் இல்லை. ஒருமுறை, "இன்னும் ஐந்து நிமிடம் அண்ணே" என்று கெஞ்சி அவரை நிறுத்தி வைத்தோம். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்த பெண்கள் அன்று காவலாளிக் கூண்டின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அண்ணி. மறுநாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரைக் கொஞ்சம் ஓங்கி வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் கெஞ்சுவதில்லை.

கூடைப்பந்தில் கடைசி நிமிடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல் ஆகும். இருந்தாலும் சொல்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்து ஆடியவள். எங்கள் ஒன்பது பேரில் ஐந்து பேர் அந்தக் குழுதான். வலைப்பந்து வளையத்துக்கும் கூடைப்பந்து வளையத்துக்கும் உயரம் ஒன்றே, 3.05 மீட்டர். ஆனால் எங்கள் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. குறி தவறிய பந்து பல நேரம் வேலியைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் போய்விடும். பந்தைப் பிடித்தவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். சீன நண்பர்கள் ஆடும் திடலில், பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம், பலகையில் அடித்துக் கூடையில் விழவைக்கலாம் என்று பார்த்த நாளில் எங்களுக்குப் பிடித்த பித்து இது. 2016இல் நம் நாட்டு அணியான மலேசியா டிராகன்ஸ் ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தை வென்றபோது அது முற்றியது. 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் நம் பெண்கள் தங்கம் வாங்கியபோது, இனி மருந்தில்லை என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் நாற்பது நிமிடம் என்பது நாற்பது நிமிடம் இல்லை. நடுவர் ஊதினால் கடிகாரம் நிற்கும். கடைசி இரண்டு நிமிடங்களிலோ, கூடை விழுந்தாலே நிற்கும். பயிற்றுநர் டைம் அவுட் கேட்பார், பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், எதிராளி தனி வீச்சுக் கோட்டில் நின்று வியர்வையைத் துடைப்பார். புள்ளிப் பலகையில் இரண்டு நிமிடம், நம் கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம். மற்ற முப்பத்தெட்டு நிமிடங்களும் இதற்காகத்தான். சனிக்கிழமை நாங்கள் எழுந்தபோது புள்ளிப் பலகையில் இன்னும் 3:48 நிமிடம் மீதி இருந்தது, நம் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. படியில் இறங்கும்போது ஒருத்தி பின்பக்கமாகவே நடந்தாள், இன்னும் ஒரு வீச்சைப் பார்த்துவிடலாம் என்று. பிறகு வேன், நெரிசல், சிவப்பு விளக்கு. அப்போது அரங்கத்திலிருந்து ஒரு பேரொலி வந்தது. ஆரவாரமா, அலறலா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டும் புரியவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்தபோது டோல் சாவடியைத் தாண்டிவிட்டோம். ஒருத்தி கை தட்டினாள். கூடச் சேர்ந்து தட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும் என்பதால் அம்மா பாதியில் எழுந்துவிடுவார். கதாநாயகன் பிழைத்தானா செத்தானா என்பதை மறுநாள் பக்கத்து நிரைக்காரி சொல்லித்தான் தெரிந்துகொள்வார். சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். "நீ காசு கொடுத்தா போனாய்?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்களுக்கு எல்லாமே இப்படித்தான் வந்து சேர்கின்றன. பேருந்து பாதி வழிவரை, சாலைப் பணி தேர்தல்வரை, விளையாட்டுத் திடல் அடிக்கல்வரை. போகட்டும், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நுழைவாயிலில் எங்கள் தண்ணீர்ப் புட்டிகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே அதே தண்ணீரை நான்கு வெள்ளிக்கு விற்பது பற்றியும் இங்கே எழுத வரவில்லை. தாமதத்துக்கு வருந்துவதாக அறிவிப்பாளர் மூன்று மொழிகளில் சொன்னார், தமிழில் சொல்லவில்லை. அதற்கு நன்றியே சொல்ல வேண்டும், எங்கள் காதில் விழுந்த மன்னிப்பில் ஒன்று குறைந்தது.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துச் செல்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். டிக்கெட்டில் எட்டு மணி என்று அச்சிட்டால், எட்டு மணிக்கு நடுவர் பந்தை மேலே வீசட்டும். ஆட்டத்தை முன்னதாக வைக்கச் சொல்லவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து வருபவர்களுக்கும் எட்டுதான் வசதி. பிரமுகரை அழைக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்கான மாலையும் படமும் ஆட்டம் முடிந்த பிறகு இருக்கட்டும். அவருக்கு வெளியே கார் காத்திருக்கும். குலுக்கலையும் அப்போதே வையுங்கள், பானை கெட்டுப்போகாது. இடைவேளை பதினைந்து என்றால் பதினைந்து, எட்டு என்றால் எட்டு.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒன்பது டிக்கெட்டும் இயங்கலையில் வாங்கிவிட்டோம். வேன்கார அண்ணனிடம் பத்து மணி என்று சொல்லியாயிற்று. தயவுசெய்து பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பது பேர் சார்பில் ஒருத்தி,
பத்தாங் பெர்ஜுந்தை