துப்பாக்கி வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்கிங்கில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அண்ணே, தினமும் இடுப்புல வச்சுக்கணுமா, இல்ல தேவைப்படுற அன்னைக்கு மட்டும் எடுத்துட்டுப் போனா போதுமா?" என்று கேட்டாய். பக்கத்தில் தங்கச்சி பிரசாத டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "அப்புறம் பேசலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. டெக்சாஸில் இருக்கும் நம் ஆட்களில் இன்னும் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை.

முதலில், நீ வாங்கியது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. ஹெச்1பி விசாவில் இருந்தவரை இந்தக் கேள்வியே நமக்குக் கிடையாது. வேட்டை லைசன்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். பதினோரு வருடம் வரிசையில் நின்று கிரீன் கார்டு வந்ததும், இந்த ஊர்க்காரனுக்கு இருக்கும் உரிமை எனக்கும் இருக்கிறது என்று கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பி ஒரு நைன் எம்எம் பிஸ்டல் வாங்கிக்கொண்டு வந்தாய். அந்த நிமிடம் மனசுக்குள் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வாங்கினேன். ஊரில் மாமா ஒருவரிடம் லைசன்ஸ் போட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி வருவார், மற்ற நாளெல்லாம் அது பீரோவுக்குள் கிடக்கும். துப்பாக்கி என்பதை மனிதன் உடம்போடு வைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவான் என்பதே எனக்கு இங்கே வந்து தெரிந்ததுதான்.

உன் பயத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். 2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலம் ஒலேத்தாவில், வேலை முடிந்து நண்பரோடு ஒரு பாரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை, எங்கள் நாட்டை விட்டுப் போ என்று கத்தியவன் சுட்டுக் கொன்றான். அந்த வாரம் நம் வாட்ஸப் குழுக்களில் பேச்சே வேறாக இருந்தது. அப்புறம் 2023 மே 6, நம் டாலஸ் பக்கம் ஆலன் அவுட்லெட் மாலில் துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் போனார்கள், அதில் ஹைதராபாத் பக்கத்துப் பெண் ஒருத்தி, நம் பெண்களைப் போலவே இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர். குழந்தைகளுக்கு ஷூ வாங்க நாம் போகும் இடம் அது. அதற்குப் பிறகுதான் நீ யோசிக்க ஆரம்பித்தாய் என்று சொன்னாய். நியாயம்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் இரண்டு வருடம் தினமும் கேரி செய்தேன், அதாவது துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டே வெளியே போய் வந்தேன். இது உன் அண்ணிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

தினமும் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று கடைக்காரர் சொல்ல மாட்டார். சாதாரண பெல்ட் தாங்காது, கெட்டியான பெல்ட் வேண்டும். ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, டிரிகரை முழுசாக மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் உன்னுடையது மாதிரியான பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளுகிற தனி சேஃப்டி கிடையாது. ஆகஸ்ட் மாத வெயிலில் சட்டையை வெளியே விட்டு, உள்ளே ஒரு பனியன் போட்டு, வேர்வையில் உலோகம் தோலை அறுக்கும். டிரிகரை அழுத்தியதும் சுடும்படி சேம்பரில் தோட்டா ஏற்றி வைப்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன், ஏற்றாமல் வைத்திருந்தால் அவசரத்துக்கு உதவாது, ஏற்றி வைத்தால் ஒவ்வொரு முறை அதைத் தொடும்போதும் உயிர் கையில் இருக்கும். வெளியே கழிவறைக்குப் போனால் அதை எங்கே வைப்பது? கொக்கியில் மாட்டவும் கூடாது, தொட்டிமேல் வைக்கவும் கூடாது, வைத்த இடத்தில் மறந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். இறக்கிய பேன்ட்டுக்குள்ளேயே ஹோல்ஸ்டரோடு பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கோயிலில் அனுமார் சன்னதி முன்னால் விழுந்து கும்பிடும்போது வலது இடுப்பெலும்பில் குத்தும். எழுந்திருக்கும்போது சட்டை மேலே ஏறிவிட்டதா என்று கை தானாகப் பின்னால் போகும், சாமியைப் பார்க்க மாட்டேன், பின்னால் நிற்பவர்களைத்தான் பார்ப்பேன்.

என் சின்னவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். ஒரு நாள் அவள் கன்னம் அதில் இடித்து, "அப்பா, ஏன் இங்க கல்லு வச்சிருக்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் ஓடி வந்தால் நான் உடம்பை இடது பக்கமாகத் திருப்பிக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தேன் தம்பி.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம் என்பாய், பழகிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் நிதானமான, பொறுப்பான மனிதர்கள். நான் நிறுத்தியது அதற்காக இல்லை. பெரியவளுடைய பள்ளியில் டீச்சர் சந்திப்பு. ஆபீஸிலிருந்து நேராகப் போனேன், வழியெல்லாம் போனில் மீட்டிங். காரிலிருந்து இறங்கி, நடந்து, பள்ளியின் முதல் கதவைத் தாண்டுவதற்கு முன்னால் கதவைத் திறக்கச் சொல்லும் அழைப்புப் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினேன். கையை நீட்டும்போது சட்டை இழுபட்டு இடுப்பில் அந்த எடை தட்டியது. அவ்வளவுதான், கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து வரவேற்பு மேசையில் இருந்த அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறார். நான் போனை மறந்துவிட்டேன் என்று சைகை காட்டிவிட்டுக் காருக்குத் திரும்பினேன். அதைக் கழற்றிப் பூட்டுப் பெட்டிக்குள் வைக்கும்போது கை நடுங்கியதில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

டெக்சாஸில் பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தால் எல்டிசி, அதாவது கேரி செய்ய மாநிலம் கொடுக்கும் லைசன்ஸ், இருந்தாலும் அது மூன்றாம் நிலை ஃபெலனி என்கிற பெருங்குற்றம், 2 வருடத்திலிருந்து 10 வருடம் வரை தண்டனை. ஆனால் நமக்கு ஜெயிலோடு முடியாது. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. குடிமகன் இல்லாத ஒருவர், கிரீன் கார்டு இருந்தாலும் சரி, எந்தச் சட்டத்தையாவது மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாக அல்லது எடுத்துச் சென்றதாகத் தீர்ப்பாகிவிட்டால், அவரை நாடு கடத்தலாம். அந்தப் பிரிவில் இத்தனை வருடத் தண்டனைக்கு மேல் என்று ஒரு வரம்புகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் குடிமகன், அவர் அபராதத்தோடு தப்பிக்கக்கூடிய ஒரு மறதி உனக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். பதினோரு வருடக் காத்திருப்பை ஒரு கதவில் வைத்து இழப்பது என்றால் இதுதான்.

அதனால்தான் உன் கேள்வியின் இரண்டாவது பாதி என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது. தேவைப்படும் நாளில் மட்டும் என்கிறாயே, அதுதான் இருக்கும் வழிகளிலேயே மோசமான வழி. தினமும் வைத்திருந்த எனக்கே மறந்தது. எப்போதாவது வைத்துக்கொள்பவனுக்கு, இன்று இருக்கிறதா இல்லையா, பைக்குள்ளா காருக்குள்ளா என்பதே நினைவிருக்காது. விமான நிலையச் சோதனையில் 2024-இல் மட்டும் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன, அதில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் தோட்டா ஏற்றியவை. கடத்திக்கொண்டு போக வேண்டும் என்று வந்தவர்களா அத்தனை பேரும்? லேப்டாப் பையில் வைத்ததை மறந்து வந்தவர்கள்தான் பெரும்பாலும். நம் டாலஸ் விமான நிலையம் அந்தப் பட்டியலில் வழக்கமாக மேலே இருக்கும்.

இன்னொன்று. லைசன்ஸ் தேவையில்லை என்று சொன்னாய். பாதி உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது முடிந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் லைசன்ஸ் இல்லாமலே கேரி செய்யலாம் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஆனால் பள்ளி வளாகத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் பொது ரோட்டில் இடுப்பில் துப்பாக்கியோடு போகக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம், மாநிலம் கொடுத்த லைசன்ஸ் இருப்பவருக்குத்தான் அதில் விலக்கு. ஆயிரம் அடி என்றால் முந்நூறு மீட்டர். நம் பக்கத்தில் எந்தக் குடியிருப்பில் நடுவே ஒரு எலிமென்டரி ஸ்கூல் இல்லை? உன் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் நீ அந்த வட்டத்துக்குள் போய் வருகிறாய். எல்டிசி எடுப்பது கஷ்டமில்லை: கட்டணம் 40 டாலர், வகுப்பு நாலிலிருந்து ஆறு மணி நேரம், மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரத்தில் ஐம்பது தோட்டா, 250-க்கு 175 எடுத்தால் பாஸ். காகிதத்தைச் சுடுவது அவ்வளவு சுலபம். அந்தப் பாஸ் மார்க்கை வைத்துக்கொண்டு மாலில் ஓடும் கூட்டத்துக்கு நடுவே ஒருவனைக் குறிபார்ப்பேன் என்று நினைத்துவிடாதே.

நல்லது நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2019 டிசம்பரில் நம் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் இரண்டு பேரைச் சுட்டவனை, சபையைச் சேர்ந்த ஜாக் வில்சன் ஒரே குண்டில் வீழ்த்தினார். எல்லாம் ஆறு நொடி. ஆனால் அவர் மற்றவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர், அந்தச் சபையின் பாதுகாப்புக் குழுவை நடத்தியவர். மறு பக்கம் 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் ஜானி ஹர்லி என்பவர் போலீஸைக் கொன்ற ஒருவனைச் சுட்டு நிறுத்தினார். நிறுத்திவிட்டு அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரம் வந்த போலீஸ்காரர் இவரைக் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். சரியான காரியத்தைச் செய்த மனிதர் செத்துப்போனார். நம் நிறத்தையும் தாடியையும் வைத்துக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு, யாரோ சுடப்பட்டுக் கிடக்கும் இடத்தில் நீ நிற்பதை யோசித்துப் பார். மின்னசோட்டாவில் 2016-இல் ஃபிலாண்டோ காஸ்டில் காரில் உட்கார்ந்தபடி, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது சார் என்று மரியாதையாகத்தான் சொன்னார். லைசன்ஸ் இருந்தது. அப்படிச் சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டார். சுட்ட அதிகாரி விடுதலையானார்.

இன்னும் ஒரு விஷயம், இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. 2023-இல் மொத்தம் 46,000-க்கும் மேல், அதில் 27,000 பேர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. நம் ஆட்கள் லே-ஆஃப் ஆனால்கூட மனைவியிடம் சொல்லாமல் தினமும் காலையில் லேப்டாப்போடு லைப்ரரிக்குப் போகிறவர்கள். போன வருடம் நீயே இரண்டு மாதம் போனை எடுக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உன் படுக்கையறை டிராயரில் அது பூட்டாமல் இருக்கிறது என்று தங்கச்சி உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். உனக்கு ஏழு வயதுப் பையன் இருக்கிறான். ஏற்றிய துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டு, பதினேழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் அது கிடைத்துவிட்டால் இங்கே குற்றம், அது கிடக்கட்டும், சட்டத்துக்காக இல்லை தம்பி.

என்னுடையது இப்போது அலமாரிக்குள் சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சாவி இல்லை, நம்பர் பூட்டு, நம்பர் எனக்கும் உன் அண்ணிக்கும் மட்டும் தெரியும். மாதம் ஒரு முறை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போவேன், தோட்டா தனியாக, துப்பாக்கி தனியாக, பூட்டிய பெட்டியில். வெளியே கேரி செய்வதில்லை. குடியுரிமை வாங்கிய பிறகு மறுபடி யோசிப்பேனா என்று கேட்டால் யோசிக்கலாம், அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று தோன்றுகிறது.

உனக்கும் அதைத்தான் சொல்வேன். குடிமகன் ஆகும்வரை இடுப்பில் வேண்டாம். ஒருவேளை நீ கேட்காமல் கேரி செய்யத்தான் போகிறாய் என்றால், அரைகுறையாகச் செய்யாதே: முதலில் எல்டிசி எடு, மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போ, குடித்தால் தொடாதே, வாசலில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் 30.06 போர்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவிலும் நின்று பார், நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் உன் மச்சான் வீட்டுக்குக் காரில் போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, அந்த மாநிலம் நம் லைசன்ஸை ஏற்றுக்கொள்ளாது. இதில் ஒன்றைக்கூட விட முடியாது. இரவு பதினொரு மணிக்குத் தனியாகப் பெட்ரோல் போடப் போகும்போது பயமாக இருந்தால், அந்த நேரத்தில் போகாமல் இருக்கலாம், அல்லது என்னைக் கூப்பிடலாம். உண்மையாகவே சொல்கிறேன், கூப்பிடு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். அதே மாதிரி இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ட்ரில்லிங் மெஷினும் என்னிடம் இருக்கிறது. அலமாரியில் துணி எல்லாம் எடுத்து வைத்து இடம் மட்டும் ஒழித்து வை. நம்பரைத் தங்கச்சியும் பக்கத்தில் இருக்கும்போது போடுவோம்.

அன்புடன்,
அண்ணன்